குருவி வீட்டில் முறுக்கு மாவு விளம்பரம்

எங்கள் தொழிலில் ஒரு பொத்தானை அழுத்தினால் நூறு இடத்தில் அழுத்தியதாக அர்த்தம். இதே வேலை பார்க்கும் உங்களுக்கு இது தெரியும். நான் மலேசியாவில், ஈப்போ அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பேராக் மாநிலம் முழுக்க ஒலிபெருக்கிகளை இயக்கும் பெட்டிகளை கிளவுட் வழியாகக் கவனிக்கிறேன். சில பெட்டிகள் கடைகளில் விளம்பரம் சொல்லும். மற்றவை, நல்ல விலைக்குப் போகும் கூடுகளை உழவாரக் குருவிகள் கட்டுவதற்கென்றே எழுப்பிய இருட்டுக் கட்டடங்களில், பதிவு செய்த குருவிக் குரல் எழுப்பும். அந்தக் குரலை நம்பித்தான் குருவிகள் உள்ளே வரும்.

பச்சை என்றால் நலம்

பீடோரில் பார்வதி அக்காவின் குருவி வீட்டுப் பெட்டி மூன்று வாரமாக என் திரையில் பச்சையாக இருந்தது. நானும் தினமும் 'நலம்' என்றே அறிக்கை அனுப்பினேன். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கட்டடத்தில் சின்னச் சத்தம்கூட இல்லை. அக்காவிடம் கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "பெட்டி நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைலா, ஸ்பீக்கர் வயர மட்டும் பிடுங்கி வச்சேன்."

ஒரே ஒரு டிக்

புந்தோங் மளிகைக் கடை ஒன்றுக்குப் புது விளம்பரம் அனுப்ப வேண்டியிருந்தது. அவசரத்தில் 'எல்லாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். மாலை ஏழு மணி. குருவிகள் திரும்பும் நேரம்.

சித்தியவானில் செல்வம் அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு குருவி வீடு கட்டியிருந்தார். மூன்று வருடம் காத்திருந்த பிறகு, அப்போதுதான் முப்பத்தெட்டு குருவிகள் குடியேறியிருந்தன. மிரண்டு வேறு இடம் தேடிப் போனால் அவை திரும்பி வருவது சந்தேகம். அவருடைய போன் வந்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும் அதே விளம்பரம். "தம்பி, என் குருவிக்கு எவன் முறுக்கு மாவு விக்கிறான்?"

முப்பத்தெட்டு

விளம்பரத்தை அந்த நிமிடமே நிறுத்தினேன். மறுநாள் மாலை சித்தியவான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அண்ணன் அண்ணாந்து பார்த்தபடி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வரை வந்தது. பிறகு வானம் காலி. நன்றாக இருட்டும் வரை நின்றோம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "பன்னெண்டு குறையுது. மன்னிப்புலாம் வேணாம் தம்பி, நாளைக்கு நீயே உள்ள ஒக்காந்து கூப்புடு."

தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் வேலை என்பது, கடைசியில், ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலைதான்.