ஒட்டாத கேஸ்கட்

என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை இருந்தது. ஓடைப்பட்டித் தோட்டத்துக் கிணற்று ஆயில் எஞ்சினுக்கு அவர் புதுக் கேஸ்கட் வாங்கிப் போட்டதே இல்லை. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே, புகையும் தண்ணீரும் கசியாமல் அடைத்து நிற்கிற தகடு அது. தலையைக் கழற்றினால் ஊரில் எல்லோரும் பழசை வீசிவிட்டுப் புதுசு போடுவார்கள். இவர் பழசைக் கிழியாமல் உரித்தெடுத்து, மாட்டுக்கொட்டத்து ஆணியில் தொங்கவிட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம், "பாத்தீகளா, ஒரு கீறல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசை அவர் யாருக்கும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

ஒட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் லேசாகக் கிரீஸ் தடவச் சொல்லியிருந்தார் பழனிசெட்டிபட்டி மெக்கானிக். எங்கள் வீட்டில் யார் சொன்னதுதான் சொன்னபடி நடந்தது? கிரீஸ் தீர்ந்துபோன ஒரு நாள், மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற மசையை எடுத்தார். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தது. அதை அப்பு அப்பென்று அப்பினார்.

"வண்டி அச்சே இதுலதான சுத்துது. எஞ்சினுக்கு என்ன கொள்ளை?"

"அச்சு கொதிக்காதுங்க, எஞ்சின் கொதிக்கும்" என்றேன். அடுப்படிக்குப் போ என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

அந்த வருஷம்தான், என் கழுத்துச் சங்கிலியை விற்றுப் போட்ட திராட்சைப் பந்தலில் முதல் காய்ப்பு. அறுப்புக்கு இருபது நாள் இருக்கும்போது எஞ்சின் வெள்ளையாகப் புகைந்து நின்றது. நட்டுகளையெல்லாம் கழற்றியும் தலை அசையவில்லை. விளக்கெண்ணெய் சூட்டில் வெந்து அரக்காக இறுகியிருந்தது. கடப்பாரையும் நாலு ஆளும் வைத்து நெம்பி, மூன்றாம் நாள்தான் தலை வந்தது. கேஸ்கட் பாதி மேலே, பாதி கீழே.

மனுஷன் அப்போதாவது திருந்தினாரா? துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்துத் தரையில் பொருத்திப் பார்த்தார். "ஒட்டுப் போட்டா இன்னொரு தடவைக்குத் தாங்கும்" என்றார். பந்தலில் இலை சுருண்டு காய் வாடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் என்னிடம் வந்து, "புதுசு இல்லாம ஆகாதுக்கா. அண்ணன் அசைய மாட்டாக போல. தேனிக்கு யாராவது போனாத்தான்" என்றார்.

நானே போகிறேன் என்று வீட்டுக்கு வந்து, பஸ் காசுக்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணப் பட்டுக்குள் கெட்டியாக ஏதோ இருந்தது. பிரித்தால், புதுக் கேஸ்கட்! எந்தக் காலத்திலோ வாங்கி, கெடாமல் இருக்க மசை பூசி, வீட்டிலேயே நல்ல துணியாகப் பார்த்துச் சுற்றி வைத்திருக்கிறார். மசை இறுகி, கேஸ்கட் பட்டோடு பட்டாக ஒட்டியிருந்தது.

அப்படியே தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"இது என்ன?"

துளி வெட்கம் இல்லை. "அது அவசரத்துக்கு வச்சிருக்கேன்."

"இதுக்கு மேல என்னய்யா அவசரம்? என் பந்தல் கருகுனப்புறம் போடுவீகளா?"

நாலு பேர் முன்னால் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பட்டை ஒரு கையிலும் கேஸ்கட்டை ஒரு கையிலும் பிடித்து இழுத்தேன். மனுஷன் பதறி எழுந்தார்.

"ஏ புள்ள, பாத்து, பாத்து! கீறல் விழுந்துராம!"

அவர் சொன்னது என் பட்டை அல்ல.

பட்டு கிழிந்தது. கேஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக் அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினார். பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. பந்தல் பிழைத்தது. "நான் முன்யோசனையா வாங்கி வச்சதுனால தப்புச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து வந்து, "அந்தத் துணி சும்மாதான கெடக்கு, எஞ்சின் தொடைக்க ஆகும்ல?" என்றார் பாருங்கள்!

பட்டை எடுத்துக்கொண்டு நேரே மாட்டுக்கொட்டத்துக்குப் போனேன். அவர் கேஸ்கட் மாட்டுகிற ஆணியில், ஓட்டை நன்றாகத் தெரியும்படி அதை விரித்துத் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து வந்தவர் போனவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

"பாத்தீகளா, கேஸ்கட்டுல ஒரு கீறல்கூட விழலை!"