கேள்வியில்லா அரசர்களின் கதையைச் சொன்ன சரவணமுத்து

போன புதன்கிழமை காலை, சாட்சிக் கூண்டில் நின்ற ஒருவருடைய வாக்குமூலத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹேவாஹெட்டவிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் நீதிமன்ற வாசலில் வந்து நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். பார்த்ததுமே, அது சாவுச் செய்தி என்று எனக்கு விளங்கிவிட்டது. வழக்கின் நடுவில் எழுந்துபோக முடியாது. அந்தச் சாட்சி தன் மாடு காணாமற்போன கதையைச் சொல்லி முடிக்கும்வரை என் வாய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிறகு வெளியே வந்தேன்.

"சரவணமுத்து ஐயா நேத்து மத்தியானம் போயிட்டாருங்க," என்றார். "காய்ச்சலுங்க. நாலே நாளு. ஒங்ககிட்ட சொல்லச் சொல்லி வீராயி அனுப்பிச்சா."

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேகு நானாவின் துணிக்கடையில் அவர் வாசிக்கக் கேட்டவர்கள். சிலர் வழக்குக்காரர்களாக வந்து, தங்கள் சொல் அவர் வாயில் சிதையாமல் போய்ச் சேர்ந்ததைக் கண்டவர்கள். இன்னும் சிலருக்கு அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான். அந்தக் கடைசிச் சிலருக்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். என்னுடையது திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கோப்பி எங்கள் எல்லோரையும் கண்டிக்கு இழுத்து வந்த காலம் அது. பன்னிரண்டு வருடம் நீதிமன்றத்தில் ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தோம். அவருடைய மனைவி இளவயதிலேயே இறந்துபோனாள், பிள்ளைகள் இல்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை "அண்ணே" என்பேன். அவர் என்னை "சுப்பையா, நீர்" என்பார்.

அவர் மொழிபெயர்க்கும் விதமே தனி. சாட்சி திட்டினால் அவரும் ஆங்கிலத்தில் அதே சூட்டோடு திட்டுவார். சாட்சி பாதியில் தடுமாறினால் அவரும் அதே இடத்தில் நிறுத்துவார். ஒருமுறை ஒரு வழக்கறிஞர் பொறுமையிழந்து, சாட்சிக் கூண்டிலிருந்த கிழவர் சொன்னதன் சாரத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார். சரவணமுத்து எழுந்து நின்று, சாரம் எடுப்பது நீதவானுடைய வேலை என்றும், தன்னிடம் முழுதாகத் தரப்பட்டதைத் தான் முழுதாகவே கொடுக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். நான் வேறு மாதிரி. தோட்டத்து ஆட்கள் கோபத்தில் ஏதாவது சொன்னால் அதன் முனையை மழுக்கி, நீதவான் காதுக்கு இதமாகச் சொல்வேன். அதை அவர்களுக்குச் செய்யும் நன்மை என்றே நினைத்திருந்தேன். "நீர் அவையின்ரை வாயைத் துடைச்சு விடுறீர், சுப்பையா," என்று ஒருநாள் அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைக்கிறது.

சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவரின் சாமான்கள் ஏலம் போனபோது, அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அவர் வாங்கி வந்தார். ஐரோப்பிய அரசர்களின் சரித்திரம். மூன்று முறை படித்தார். பிறகு தமிழில் எழுதத் தொடங்கினார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால், சுத்தப் பிரதி எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். என் கையெழுத்தைப் பார்த்து அவர் குழந்தைபோல மகிழ்வார்.

அந்த அரசர்களின் ஆட்சிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரு மாதம் போனது. "வரம்பில்லா முடியாட்சி" என்றேன் நான்.

"வரம்பில்லை எண்டால் பெரிசு எண்டு நினைப்பினம்," என்றார். "இது பெரிசைப் பற்றின கதை இல்லை. ஏன் எண்டு கேக்க ஆளில்லாததைப் பற்றின கதை."

ஒருநாள் வழக்கின் நடுவே என் பக்கம் சாய்ந்து, "கேள்வியில்லா அரசு," என்று காதில் சொன்னார். அன்று முழுவதும் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்!

எழுதியதை அவர் சேகு நானாவின் கடையில் வாசிக்கத் தொடங்கினார். சேகு நானா பக்கத்து அக்குறணை ஊர்க்காரர். கண்டியில் துணிக்கடை வைத்திருந்தார். ஞாயிறு மத்தியானங்களில் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருபவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். முதலில் ஐந்தாறு பேர். பிறகு கடைக்கு வெளியிலும் நின்றார்கள். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் அரசன் என்பவன் பல பிரபுக்களில் ஒரு பெரிய பிரபு மட்டுமே என்றும், ஒவ்வொரு பிரபுவுக்கும் கோட்டையும் படையும் இருந்தன என்றும் அவர் வாசித்தார். பின்னால் வந்த அரசர்கள் பீரங்கியால் அந்தக் கோட்டைகளை உடைத்தார்கள். சம்பளப் படை வைத்தார்கள். வரி வாங்கத் தங்கள் ஆட்களையே ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். தங்கள் அதிகாரம் கடவுள் கொடுத்தது, மனிதர் அதைக் கேட்கக் கூடாது என்றார்கள்.

பிரான்சு அரசனின் மாளிகையைப் பற்றி வாசித்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. பாட்டன் காலத்தில் அரசனோடு போர் செய்த குடும்பத்துப் பிரபுக்கள், இப்போது அவன் காலையில் எழும்பும்போது சட்டையை நீட்டிக் கொடுக்கும் பாக்கியத்துக்காக வரிசையில் நின்றார்கள் என்று வாசித்ததும் கடையே சிரித்தது.

"நம்ம பெரிய கங்காணி தொரையோட சப்பாத்தத் தொடைக்கிற மாதிரிங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவள் வீராயி. ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் கோப்பிப் பழம் பறிப்பவள், முப்பது வயதிருக்கும்.

சிரிப்பு அடங்கும்வரை சரவணமுத்து காத்திருந்தார். "சிரியுங்கோ. ஆனால் அரசன் மட்டும்தான் கெட்டவன் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை கையை எடுத்திருந்தால், அவன் வெறும் மேலோடை நிண்டிருப்பான்."

சேகு நானா மெல்லச் சொன்னார்: "இந்த ஊரு ராசாவப் புடிச்சிட்டுப் போனதயும் எங்க வாப்பா சொல்லுவாங்க. வந்த வெள்ளக்காரங்களுக்கு வழி காட்டினதே ராசாட பெரிய மனுசன்மாருதானாம்."

கதை இறங்குமுகத்துக்கு வந்தது. ஓயாத போர்களால் கஜானா காலியானது. ரொட்டிக்கு வழியில்லாத சனங்கள் மாளிகைக்கு நடந்தே போனார்கள். இங்கிலாந்தில் அதற்கும் முன்பே ஓர் அரசனை விசாரித்துத் தலையை வெட்டியிருந்தார்கள். அந்த அத்தியாயத்தைக் கடையில் வாசிக்க வேண்டாம் என்று நான் கெஞ்சினேன்.

"இங்கிலீசுக்காரரே எழுதி, அச்சடிச்சு, வித்த புத்தகம், சுப்பையா," என்றார். "தங்கடை பிள்ளையளுக்கு அவை படிப்பிக்கினம். தமிழிலை சொன்னால் மட்டும் குற்றமோ?"

வாசித்தார்.

அதற்கு ஒரு மாதம் கழித்து வீராயி குற்றவாளிக் கூண்டில் நின்றாள். மடுல்கெல்லவில் அவள் தங்கைக்குப் பிரசவம். துரையிடம் விடுமுறை கேட்டாள், கிடைக்கவில்லை. சொல்லாமல் போய்விட்டாள். தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் போவது சட்டப்படி குற்றம். அன்று மொழிபெயர்க்கும் முறை சரவணமுத்துவுடையது. நான் பக்கத்தில் இருந்தேன். வழக்குப் போட்ட தோட்டத்துரை எதிரே இருந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும்.

ஏன் போனாய் என்று நீதவான் கேட்டார். வீராயி சொன்னாள்: "தொரகிட்ட கேட்டேங்க. முடியாதுன்னாரு. ஏன்னு கேட்டேன். நான் சொல்றதுதான் சட்டம்னாரு. அப்படி இருந்த ராசாவுக்கே கடைசியில கேள்வி வந்துச்சே. தொரைக்கு மட்டும் வராதுங்களா?"

நான் வாங்குக்குக் கீழே சரவணமுத்துவின் காலை மிதித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். எந்த ராசா, யார் சொன்னது என்று கேட்டார். வீராயிக்கு அதில் மறைக்க என்ன இருக்கிறது? பெருமையாகவே கை நீட்டினாள். "இந்த ஐயாதாங்க கடையில வாசிச்சாங்க."

அந்த ஒரு நொடி நீதிமன்றத்தில் தமிழ் தெரிந்த அத்தனை பேரும் சரவணமுத்துவின் வாயையே பார்த்தோம். அவர் வேறெதையாவது சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் நீதவான் பக்கம் திரும்பினார். "தனக்கு அதை வாசித்துக் காட்டியது நான் என்று இவள் சொல்கிறாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வீராயிக்கு இரண்டு வாரச் சிறை. அவருக்கு விசாரணை.

இனி நான் எழுதப்போவதை இந்த இரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. மேலதிகாரியின் அறையில் விசாரணை நடந்தது. சரவணமுத்துவின் வீட்டிலிருந்து எடுத்து வந்த தாள்கள் மேசையில் குவிந்திருந்தன. அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சில பக்கங்களை மொழிபெயர்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் கையாலேயே நான் எழுதிய பக்கங்களை, முதன்முதலாகப் பார்ப்பவனைப்போலத் தடவித் தடவி வாசித்தேன்.

அந்த வாசிப்புகளைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

தெரியாது என்றேன்.

ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனவன் நான். என் மகளின் கல்யாணம் அப்போது நிச்சயமாகியிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லிச் சொல்லி என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். அது காரணமில்லை. பயம்தான் காரணம்.

அதிகாரி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென நிமிர்ந்தார். இதில் இரண்டு கையெழுத்து இருக்கிறதே, இன்னொன்று யாருடையது என்று சரவணமுத்துவைக் கேட்டார். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. "இரண்டும் என் கைதான். அவசரமாக எழுதும்போது ஒன்று, நிதானமாக எழுதும்போது மற்றது," என்றார்.

தன் தலைக்கே கேடு வந்தபோதுகூட ஒரு சொல்லை மாற்றாத மனிதர் அவர்.

வெளியே வந்து படியில் நின்றோம். அவர் குடையை விரித்துக்கொண்டே, "பிள்ளையின்ரை கலியாணத்தை நல்லாய் நடத்தும்," என்றார். மழையில் இறங்கிப் போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

வேலை போனது. தாள்கள் திரும்பி வரவில்லை, எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். கண்டியில் யாரும் அவருக்கு வேலை கொடுக்கத் துணியவில்லை. சிறையிலிருந்து வந்த வீராயிதான் அவரை ஹேவாஹெட்டவுக்கு அழைத்துப் போனாள். தோட்டத்து எல்லைக்கு வெளியே, ரோட்டோரத்து அறை ஒன்றில் இருந்துகொண்டு, தோட்டத்து ஆட்களுக்காக இந்தியாவிலிருந்த உறவினர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் பயணம். இரண்டு வருடத்தில் நான் போகவில்லை. கல்யாணம் முடிந்து சில மாதங்கள் கழித்து எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா, பிள்ளை சுகமா என்று இரண்டே வரி. பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். அவர் புகழ்ந்த அந்தக் கையெழுத்தில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

செய்தி வந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. அறையில் ஒரு பாய், ஒரு மைக்கூடு, துவைத்து மடித்த ஒரு வேட்டி. வீராயி அழுது ஓய்ந்த முகத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ராசா கதைய முழுசா சொல்லி முடிச்சிட்டாருங்க," என்றாள். "தாளு இல்லாமலே, மனசுலேர்ந்தே சொன்னாரு. முடிவுதான் எனக்குப் புடிக்கல. ராசா போனதும் பட்டாளத்துக்காரன் ஒருத்தன் வந்து தானே ராசா ஆயிட்டானாம். அதுக்கா இம்புட்டுப் பாடுன்னு கேட்டேங்க."

"என்ன சொன்னாரு?"

"ஒருக்காக் கேட்டுப் பழகின சனம் திரும்பவும் கேக்கும்னாரு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்களுந்தான ஒவ்வொரு ஞாயிறும் வந்தீங்க. அவரோட வேல போனப்ப ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியேன்னு ஒருநா கேட்டேன். நீங்க வந்ததே இல்லன்னாரு. எனக்குத்தான் ஆளு தப்பாத் தெரியுதுன்னு சொல்லிட்டாருங்க. அப்படிங்களா?"

"இல்ல வீராயி," என்றேன். "நான் வந்தேன். எல்லா ஞாயிறும் வந்தேன்."

அவள் எழுந்து உள்ளே போய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை வாங்கக் கை வரவில்லை.

அவரை அறிந்தவர்களே, அந்தப் பிரதி முழுவதும் என் கையெழுத்து. அந்த வாசிப்புகள் அனைத்திலும் நான் இருந்தேன். இதை எங்கே சொல்லியிருக்க வேண்டுமோ அங்கே நான் சொல்லவில்லை. அவருடைய புத்தகம் சாம்பலாகிவிட்டது. அவருடைய பாயையும் மைக்கூட்டையும் கேட்க எனக்கு உரிமை இல்லை, வீராயியிடமே விட்டுவந்தேன். வாழ்நாள் முழுவதும் பிறர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னவர், எனக்காகப் பொய் சொன்னார். பதில் எழுதாத அந்தக் கடிதத்தைத் தவிர, அவருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.