புஜைராவுக்கு ரக்பி போன கதை

ஒரு விளையாட்டை ஊர் ஊராகப் பரப்புகிற உத்தியோகத்துக்கு அந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கலர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுக்கத் தெரிந்தால் போதும். 2007-ல் துபாய் அல் குசைஸில், ரக்பி லீக் நடத்துகிற ஒரு கம்பெனியின் 'விரிவாக்கப் பிரிவில்' நான் அப்படித்தான் சேர்ந்தேன். அதற்கு முன் ஏசி விற்கிற கடையில் கொட்டேஷன் அடித்துக்கொண்டிருந்தவன். உங்கள் ஆபீசிலும் ஒரு நாள் காலையில் யாராவது கோட்டு போட்டுக்கொண்டு வந்து "நாம் விரிவடையப் போகிறோம்" என்று சொல்லியிருப்பார். எதற்கென்று தெரியாமல் நீங்களும் கை தட்டியிருப்பீர்கள், நானும் தட்டினேன்.

விளையாட்டு இதுதான். அணிக்குப் பதின்மூன்று பேர். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். எதிரணிக்காரர்கள் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஆட்டத்தைத் தொடர வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் யாரிடமும் அழுத்திச் சொல்லாமல் விட்டதுதான் பிறகு வந்த வினைக்கெல்லாம் காரணம்.

குண்டூசிகள்

எங்கள் டைரக்டர் கிரெக் ஆஸ்திரேலியாக்காரர். தங்கமான மனிதர், ஆனால் சுவரில் மாட்டிய வளைகுடா வரைபடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லீக்கில் ஏற்கெனவே நான்கு அணிகள் இருந்தன. இன்னும் ஐந்து ஊர்கள் வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. மஸ்கட்டில் ஒரு குண்டூசி குத்தினார், தோஹாவில் ஒன்று, இன்னும் இரண்டு ஊர்களில் ஒவ்வொன்று. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அமீரகத்தின் கிழக்குக் கரை வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றியது போலிருக்கிறது, புஜைராவில் ஒன்று குத்தினார்.

புஜைராவில் துறைமுகம் உண்டு, எண்ணெய் டாங்கிகள் உண்டு. ரக்பி ஆடுகிறவர் என்று டாங்கி கம்பெனிகளில் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் தேறுவார்கள். "மீதி ஆட்டக்காரர்களுக்கு என்ன செய்வது சார்?" என்று கேட்டேன். என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "முதலில் அணியை அறிவித்துவிடுவோம். ஆட்டக்காரர்கள் அதைப் படித்துவிட்டு வருவார்கள்."

சின்னம்

ஆட்டக்காரர்கள் வருவதற்குள் சின்னம் வந்துவிட வேண்டுமாம். டிசைனர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் மூத்தவர். எந்த ஊர்க்காரர்களைக் கேட்டாலும் தங்களுக்கு வல்லூறுதான் வேண்டும் என்றார்கள். இருக்கிற நான்கு அணியில் மூன்று ஏற்கெனவே வல்லூறு. சிவநேசன் இடது பக்கம் பார்க்கும் வல்லூறு, வலது பக்கம் பார்க்கும் வல்லூறு, இறக்கை விரித்தது, மடக்கியது, கோபமானது, கொஞ்சம் யோசனையில் இருப்பது என்று வரைந்து தள்ளினார்.

கடைசியாகப் புஜைரா ஃபைலை அவர் மேஜையில் வைத்தேன். பென்சிலைக் கீழே போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, என்னட்டைக் கிடந்த வல்லூறு எல்லாம் முடிஞ்சுது. இனியும் ஊர் ஊராப் பிடிச்சுக்கொண்டு வந்தியள் எண்டால் கோழிதான் கீறித் தருவன்."

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

புஜைராவில் ரக்பிக்கு மவுசு இருக்கிறது என்று காட்ட, இருக்கிற அணிகளில் இரண்டை அழைத்து ஒரு காட்சி ஆட்டம் வைத்தோம். மவுசைப் புகைப்படம் எடுக்கக் கூட்டம் வேண்டுமே! டாங்கி கட்டுகிற காண்ட்ராக்ட் கம்பெனிதான் அணியின் ஸ்பான்சர். அவர்களுடைய லேபர் கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் ஆட்களை வரவழைத்தோம். வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் துணி துவைத்து, முடி வெட்டி, ஊருக்குப் போன் பேசுகிற ஒரே நாள். அதைப் பிடுங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கொடியும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தோம். பிரியாணியை முதலிலேயே கொடுத்தது என் தவறு. கொடியை விசிறியாக்கிப் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

தூங்காமல் முன்வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தவர் முருகேசன். புதுக்கோட்டைப் பக்கம், சாரம் கட்டுகிற வேலை. விளையாட்டு புரிகிறதா என்று விசாரித்தேன். "இதுல என்னண்ணே இருக்கு, நம்ம கபடிதான். நடுவுல ஒரு பந்த உள்ள விட்டுக் கெடுத்து வச்சிருக்கானுக."

வாக்குறுதி

அந்த ஒரு பதிலைக் கேட்டதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. லீக் கமிட்டி முன்னால் புஜைரா அணி ஒரு சோதனை ஆட்டம் ஆடியாக வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஏழு பேர் தேறினார்கள். குறைகிற ஆறு பேரை முருகேசன் தன்னையும் சேர்த்துத் தன் கேம்ப்பிலேயே திரட்டிவிட்டார், எல்லாரும் கபடிக்காரர்கள். எதற்காக இவ்வளவு ஆர்வம் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

அவருடைய தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், இருக்கிற ஒரே தாய்மாமன் இவர். வேலை முடியவில்லை என்று கம்பெனி இரண்டு முறை லீவைத் தள்ளிப்போட, காதுகுத்தும் தள்ளிப்போய், பிள்ளைக்கு ஆறு வயதாகிவிட்டது. ஸ்பான்சரிடம் பேசி முப்பது நாள் லீவு வாங்கித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கேம்ப்பை நிர்வகிக்கிற பஷீர் பாய் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "பாய், இங்க லீவு குடுக்கிறவங்க யாரும் லீவு தர்றேன்னு வாயால சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லிட்டீங்க, அதான் பயமா இருக்கு."

அழுகுணி

சோதனை ஆட்டம் ஷார்ஜா அணியுடன். முதல் ஐந்து நிமிடத்தில் பந்து முருகேசன் கைக்கு வந்தது. என்ன ஓட்டம்! மூன்று பேர் சேர்ந்துதான் சாய்க்க முடிந்தது. எழுந்தார், மண்ணைத் தட்டினார், பந்தை மரியாதையாகத் தரையில் வைத்தார், நேராகக் கோட்டுக்கு வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கபடியில் பிடிபட்டால் அவுட் அல்லவா! அடுத்துப் பிடிபட்டவர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் நால்வர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நம் ஆள் ஒருவர் ஷார்ஜாக்காரனைப் பிடித்துச் சாய்த்தாரோ இல்லையோ, வரிசையில் முதல் ஆளான முருகேசன், கபடியில் உயிர் கிடைத்தவராகத் தொடையைத் தட்டிக்கொண்டு மறுபடி உள்ளே பாய்ந்தார். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

கமிட்டிக்காரர்கள் இருவரும் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரெக் வெளுத்துப்போய், "ஏன் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று என் காதில் கேட்டார். "ஆட்களை மாற்றி மாற்றி இறக்குகிறோம் சார், புது உத்தி" என்று கூசாமல் சொன்னேன். தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று நான் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து முருகேசன் கொதித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, அவுட்டானா நம்மாளுக ஒழுங்கா வெளிய போனோம்ல? அவனுகள்ல ஒருத்தனாச்சும் போனானா? சரியான அழுகுணி ஆட்டம்ணே!"

முக்கிய ஆட்டக்காரர்

கமிட்டியின் அறிக்கை வந்தது. 'புஜைரா அணியின் மாற்று ஆட்டக்காரர் முறை மிகவும் கட்டுப்பாடானது. விரிவாக்கத்துக்கு முன்மாதிரி' என்று போட்டிருந்தார்கள். அணி லீக்கில் சேர்ந்துவிட்டது. கிரெக் கேக் வெட்டினார். ஸ்பான்சருக்கு அனுப்ப முக்கிய ஆட்டக்காரர்களின் பட்டியல் கேட்டார்கள். முருகேசன் மேல் இருந்த பிரியத்தில் அவர் பெயரை முதலாவதாக அடித்து அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து லீவு ஃபாரத்தோடு கேம்ப்புக்குப் போனேன். பஷீர் பாய் கம்பெனிக் கடிதத்தை நீட்டினார். பட்டியலில் உள்ள எவருக்கும் சீசன் முடியும் வரை லீவு கிடையாது. பட்டியலில் இல்லாத இரண்டு கபடிக்காரர்கள் அந்த வாரமே லீவில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

முருகேசனிடம் இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் என்றைக்கும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் கேட்டது இதுதான்: "அப்ப நான் நல்லா வெளயாண்டதுதான் தப்பாண்ணே?"

சுருக்கம்

2008 கடைசியில் உலகத்துக்கே பணமுடை. டாங்கி வேலை பாதியில் நின்றது. புதிய ஐந்து அணிகளும் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் கலைந்தன. கிரெக் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார். எனக்கும் சிவநேசனுக்கும் ஒரே நாளில் வேலைநீக்கக் கடிதம். கேம்ப்பில் அறுபது பேருக்கு விசா கேன்சல், அதில் முருகேசனும் ஒருவர். ஐம்பத்தொன்பது பேர் தலையில் கை வைத்திருந்ததாகவும், ஒருவர் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டிருந்ததாகவும் பஷீர் பாய் சொன்னார்.

தை மாதம் துபாய் கராமாவில் நண்பர்கள் ரூமில் ஒண்டிக்கொண்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து முருகேசனின் போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம். "அண்ணே, குத்தியாச்சுண்ணே! புள்ள என் மடியிலதான், சொட்டுக் கண்ணீர் விடல. லீவுல வந்திருந்தா முப்பதாம் நாளு திரும்பி ஓடியாரணும். இப்ப யாரும் கூப்புட மாட்டாங்க, கூப்புடுறதுக்குக் கம்பெனியும் இல்ல. நாளைக்கு என்ன பொழப்புன்னு தெரியல, ஆனா இன்னைக்கு நான் மாமன்ணே!"

இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்த எங்கள் விரிவாக்கப் பிரிவு, ஒரே ஒரு ஆளைத்தான் அவர் போக வேண்டிய ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தது, அதுவும் பிரிவை இழுத்து மூடிய பிறகு.