பூதத்துக்குப் போட்ட கால்சட்டை

சுண்டுவிரல் உயரப் பொம்மைகளின் கை கால்களை ஒட்டி, வண்ணம் பூசி, மேசைமேல் போர் நடத்துவது என் பொழுதுபோக்கு. ஐம்பது வயதில் பொம்மையா என்று கேட்காதவர் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை.

போன மாதம் பூதப்படைத் தளபதிக்குக் காக்கி அரைக்கால்சட்டையும் முழங்கால்வரை ஏறும் வெள்ளைக் காலுறையான மேஸும் தீட்டினேன். அதிகாரி என்றால், தோட்டத்தை நடத்தும் தொரையின் உடையைத் தவிர எனக்கு வேறு தோன்றவில்லை. தோட்ட ஆபீசில் எனக்கு மேலே இருக்கும் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்தார்.

“இது நம்ம தொரைதானே?”

“ஐயோ, இல்லீங்கய்யா. பூதம்ங்க.”

“பூதம் எதுக்குப்பா மேஸ் போட்டுருக்கு? தொரை பார்த்தாருன்னா ஒன் வேலை என்னா ஆகும்?”

அவர் படியிறங்கியதும் தூரிகையை எடுத்தேன். காலுறையை மறைத்துக் கால்சட்டையைக் கணுக்கால்வரை நீட்டினேன். மேலே பச்சை ஸ்வெட்டர் ஒன்றையும் பூசினேன்.

மறுநாள் சோதனை போட வந்த பெரிய கிளாக்கர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“இப்ப இது யாருப்பா?”

அப்போதுதான் அவர் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைக் கவனித்தேன்.

“தொரைதாங்கய்யா,” என்று ஒப்புக்கொண்டேன்.