ஆனைமலையில் அரைத்த மிளகாய்

மாலை ஆறரைக்குப் பட்டியல் வரும். மறுநாள் யார் யார் வேலைக்கு வர வேண்டும் என்று பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பம்பு ஆர்டர் குறைந்தபோது, மாதச் சம்பளத்தில் இருந்த எங்களை ஒப்பந்தத்துக்கு மாற்றியதால் வந்த ஏற்பாடு இது. பட்டியலைப் போடுகிறவர் என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். அங்கே சூப்பர்வைசர். அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

மதுக்கரையில் எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்குத் தையல் மிஷின் நிற்கும். மனைவி ஊசியைத் துணியில் இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்.

"ஏனுங்க, பேரு வந்துச்சுங்களா?"

"இல்ல."

மிஷின் மறுபடி ஓடும். முதல் இரண்டு வாரம் "நாளைக்கு வரும், உடுங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள். பிறகு அதை நிறுத்திவிட்டாள்.

பெயர் வராத காரணம் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் நான் பார்த்தது அளவு பார்க்கும் வேலை. கடைந்து வந்த வார்ப்பை வெர்னியரில் அளந்து, ஆகும் ஆகாது என்று பிரித்து வைக்க வேண்டும். இப்போது அதற்கு ஒரு ஆள் போதும் என்றார்கள். சகலை முதல் வாரமே என்னைத் தனியாக அழைத்தார்.

"அண்ணா, செக்கிங்ல எடமில்லீங்க. வார்ப்புல பிசிறு தட்டற வேல இருக்குது. வாரீங்களா?"

உளியும் சுத்தியலுமாக இரும்புத் தூசியில் உட்கார்ந்து, வார்ப்பின் ஓரத்தில் துருத்தி நிற்கும் இரும்பைத் தட்டி எடுப்பது அது. பிசிறு சரியாகப் போகவில்லை என்று அந்த ஆட்களிடம் நான் பேசியிருக்கும் பேச்சு எனக்கு நினைவிருந்தது. முடியாது என்றேன். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு பத்து முறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் டைரியில் எழுதினேன்: 'அழைப்பு. மறுத்தேன்.' டைரி மேஜைமேல்தான் கிடக்கும். அவள் அதைப் பிரித்ததில்லை.

மனைவியின் தங்கை, தன் மகளின் காதுகுத்துக்கு அழைக்கப் போன் செய்தாள். மனைவி தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினாள்.

"எங்கூட்டுக்காரர் பேர எழுத மட்டும் உம்பட ஊட்டுக்காரருக்குக் கை வலிக்குதா? காது குத்தறதுக்கு மட்டும் நாங்க வேணுமா?"

"என்னக்கா பேசற நீ?"

மனைவி போனைத் துண்டித்துவிட்டாள். பிறகு என்னிடம், "செவ்வாக்கெழம ஆனைமலைக்குப் போலாமுங்க. மொளகா அரைச்சுப்போட்டு வரோணும்" என்றாள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதி கேட்டு வருகிறவர்கள் வறமிளகாயை அரைத்து அங்குள்ள கல்லில் பூசுவார்கள். அநியாயம் செய்தவருக்கு எரியும் என்பது நம்பிக்கை. அவள் யாரை நினைத்துப் பூசப் போகிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். பஸ் நேரம் விசாரித்தேன்.

செவ்வாய்க்கிழமை கோயில் வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்றார்.

"நீங்க யாருக்குங்க அரைக்கறீங்க?" என்றார்.

"சொந்தத்துலதானுங்க."

"அதான பாத்தேன். அசலாருக்கு யாரு இத்தன தூரம் பஸ்ஸேறி வாரா? எனக்கு நாத்தனா."

எங்கள் முறை வந்தது. தைத்துத் தைத்து மனைவிக்கு மணிக்கட்டில் வலி. குழவியை என்னிடம் கொடுத்தாள். நான் திப்பியில்லாமல் அரைத்தேன்.

"போதுமுங்க. சட்னிக்கா அரைக்கறீங்க?"

விழுதை வழித்துக் கையில் எடுத்தாள். அப்போதுதான் சொன்னேன்.

"அவர் மேல தப்பில்ல. கூப்புட்டாரு. பிசிறு தட்டற வேலைன்னு நாந்தான் போகல."

அவள் கை அப்படியே நின்றது.

"எத்தன தடவைங்க?"

"பதினொண்ணு."

"எழுதி வெச்சிருக்கறீங்களா?"

"வெச்சிருக்கறேன்."

பின்னால் இருந்த அம்மாள் அவசரப்படுத்தினார். மனைவி ஒதுங்கி, கையிலிருந்த விழுதை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க எடுத்துக்குங்க. நல்லா அரைஞ்சிருக்குது."

"அய்யோ, உங்கூட்டுச் சங்கடம் எங்களுக்கு எதுக்குங்க?"

குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்பு இல்லை. பொள்ளாச்சி வரும்வரை பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றில் பிடித்திருந்தாள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் தங்கையை அழைத்தாள். நடந்ததை இரண்டே வரியில் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, "திட்டு, நல்லாத் திட்டு. காதுகுத்துக்கு மொத நாளே வந்தர்றேன்" என்றாள். பிறகு, "உம்பட ஊட்டுக்காரர்கிட்டக் குடு, இவரு பேசோணுமாம்" என்று போனை என்னிடம் தந்தாள். நான் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

பிசிறு தட்டும் வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நேத்துத்தானுங்கண்ணா ஆள் போட்டேன்" என்றார் சகலை. "காலியானா கூப்புடறேன்."

மூன்று வாரம் கழித்து ஒரு இடம் காலியானது. வாரத்தில் மூன்று நாள் போகிறேன், சில வாரம் இரண்டு. பட்டியல் இன்னும் ஆறரைக்கு வருகிறது. ஆனால் சகலை அதற்கு முன்பே மனைவியின் போனுக்குப் பேசிவிடுகிறார். "வருவாருங்க" என்று அவளே சொல்லிவிடுகிறாள். அந்த நேரத்தில் மிஷின் நிற்பதில்லை. பேரு வந்துச்சுங்களா என்று அவள் என்னைக் கேட்பதும் இல்லை.