புட்டுக்குழல் பூட்டிய கார்

இவர் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்த அன்று எனக்கு முதலில் காட்டியது அதன் பின்பக்கத்தை. முன்பக்கத்தில் ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. சாரதியின் இருக்கை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. ஆனால் பின்மூடியில் வெள்ளி எழுத்தில் 'டர்போ' என்று இருந்தது. அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, "பாரும்," என்றார். பார்த்தேன். எழுத்துத்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றின் ஐந்தாம் மாடியில் நானும் என் கணவரான இவரும் இருந்தோம். இவர் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். நான் வீட்டிலிருந்தபடி ஒரு தையல் பட்டறைக்குக் காற்சட்டைப் பைகள் தைத்துக் கொடுத்தேன். வேலைக்கு மெத்ரோ ரயிலில் போய் மெத்ரோவில் வருகிற மனிதருக்குக் காரே தேவையில்லை. அதிலும் டர்போ எதற்கு என்று கேட்டேன்.

"உமக்கு உது விளங்காது," என்றார்.

எனக்கு விளங்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கடையின் முன் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல் இறங்கி, மரக்கறி வாங்குகிற பாவனையில் நாலு பேர் பார்க்க நிற்பதற்கு அது தேவைப்பட்டது. பார்த்தவர்களில் ஒருவர்தான் புதுச்சேரிக்காரர்.

அவர் பிரெஞ்சுப் பிரஜை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை மெழுகு போட்டு முறுக்கியிருப்பார். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மனைவியோடு இருந்தார். ஆப்பிரிக்காவில் ராணுவ வாகனங்களெல்லாம் தன் கையால்தான் ஓடின என்று அவரே சொன்னார். இவர் உடனே அவரை 'அண்ணை' ஆக்கிக்கொண்டார். தன்னைவிட உரத்துப் பேசுகிற எவரும் இவருக்கு அண்ணைதான்.

அண்ணை முதல் நாளே காரின் முன்மூடியைத் திறந்து, மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது போல் உச்சுக்கொட்டினார்.

"வண்டி மூச்சு வுட முடியாம தவிக்குது தம்பி," என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்தபடி அவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டே நான் டர்போவைப் படித்தேன். புகைக் குழாயால் வெளியேறும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றும். அந்தக் காற்றாடி வெளிக் காற்றை அள்ளி இயந்திரத்துக்குள் திணிக்கும். காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவு பெற்றோல் எரியும். இதில் அண்ணையின் கண்டுபிடிப்பு என்னவென்றால், மூடிக்குக் கீழே காற்று சூடாக இருக்கிறது, சூடான காற்று மெலிந்தது. வெளியே இருந்து குளிர்ந்த காற்றை ஒரு குழாய் வழியாகக் கொண்டுவந்தால் கார் பறக்கும்.

அந்த யோசனை தவறென்று நான் சொல்லமாட்டேன். அது அவர்களுக்கு முன்பே பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பலர் அதைத் தங்கள் மனைவிமாரின் குசினியிலிருந்து செய்திருக்கமாட்டார்கள்.

எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, ரயில் பாதையோரத்து மதிலடியில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில், வேலை தொடங்கியது. காருடன் வந்த காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி அண்ணை குப்பைத் தொட்டியில் போட்டார். "அது மூக்கடைப்பு," என்றார். பதிலுக்குச் சாம்பல் நிறக் கழிவுநீர்க் குழாயில் ஒரு துண்டு வந்தது. அதற்கடுத்ததாக, துணி உலர்த்தும் யந்திரத்தின் பின்னால் இருக்குமே, வளைந்து கொடுக்கிற வெள்ளிக் குழாய், அது வந்தது. அந்தக் குழாயை அண்ணை ஒரு கைக்குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு வந்தார். மறுமுனையை எங்கே வைப்பது என்று அரை நாள் யோசித்துவிட்டு, முன் பம்பரில் உடைந்து கிடந்த பனிவிளக்கைப் பிடுங்கி, அந்தத் துவாரத்தில் குழாயின் வாயை வைத்தார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கும்.

இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இவர் மேலே வந்து குசினிக்குள் எதையோ உருட்டிவிட்டுக் கீழே போனதைச் சத்தத்தால் அறிந்தேன். மாலையில் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுத் தேடினேன். மாவு குழைத்துவிட்டேன், தேங்காய்ப்பூ தயார், குழலைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிக் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, என்ர புட்டுக்குழல் எங்கை?"

காருக்குள் குனிந்திருந்த இவர் தலை நிமிரவில்லை. "அது பூட்டியாச்சு!"

"எதுக்குப் பூட்டியாச்சு?"

"காருக்கு! அளவு அச்சொட்டா இருக்கு, வந்து பாருமன்!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். லா ஷப்பல் முழுவதும் தேடி வாங்கிய அலுமினியக் குழல், கழிவுநீர்க் குழாய்க்கும் உலர்த்திக் குழாய்க்கும் நடுவில், இரண்டு பக்கமும் கவ்விகளால் இறுக்கப்பட்டுக் கிடந்தது. அதுவும் போதாதென்று, தூசி போகாமல் இருக்கப் பம்பர் வாயில் என் நைலோன் காலுறையை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று இப்போது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இரண்டு வளர்ந்த ஆண்கள் கிரீஸ் கையோடு, ஏதோ பாலம் கட்டித் திறந்துவைத்தவர்கள் போல என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். அவர்களுக்காகக் கோபப்படுவது வீண் செலவு என்று பட்டது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"மழை பெய்தால்?"

அண்ணை சிரித்தார். "தண்ணி கனம் தங்கச்சி, கீழ போயிடும். காத்து லேசு, அதான் உள்ள போவும்." இவர் அதை இன்னொரு தடவை எனக்குத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தார்.

அதற்குப் பிறகு பரீட்சை. குழாய் பூட்டுவதற்கு முன்பு ஒரு தடவை இவர் என்னையும் ஏற்றிக்கொண்டு நகரைச் சுற்றி ஓடும் பெருவீதிக்குப் போய், வேகம் எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று தானே வாய்விட்டு எண்ணியிருந்தார். பதற்றத்தில் ஒன்று, ரெண்டு, மூண்டு என்று தமிழில் ஓடின எண்கள். பூட்டிய பிறகு அதே வீதியில் அண்ணை எண்ணினார். முன்னிருக்கையில் சாய்ந்து, மீசையைத் தடவி, பிரெஞ்சில், ஒவ்வொரு எண்ணையும் சப்பிச் சப்பிச் சொன்னார். இந்த முறை எண்ணிக்கை குறைவாக வந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பின்னிருக்கையில் இருந்த எனக்குக் கேட்டதெல்லாம் முன்பில்லாத ஒரு உறிஞ்சல் சத்தம்தான். ஒரு பெரிய ஆள் சூப்புக் குடிப்பது போல இருந்தது. அந்தச் சத்தத்தை அவர்கள் பலம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் நகருக்கு வெளியே திரான்சியில் இவருடைய உறவினர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தாய். குழந்தைக்கான வெள்ளை உடுப்பை நானே தைத்திருந்தேன். கழுத்தில் சின்ன மடிப்புகள், விளிம்பில் லேஸ். ரயிலில் போவோம் என்றேன். கேட்பாரில்லை. அண்ணையின் மனைவி விவரமானவர். அவர் காலையிலேயே ரயிலில் போய்விட்டார். நான் பட்டுச்சேலையோடு பின்னிருக்கையில், மடியில் உடுப்புப் பொதியோடு. அண்ணை முன்னால். அது பின்பக்கத்துக்குத் தனிக் கதவில்லாத கார். முன்னால் இருப்பவர் இறங்கி இருக்கையை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் வெளியே வரலாம்.

பாதி வழியில் வானம் இருண்டு கொட்டத் தொடங்கியது. துடைப்பான்கள் அடித்தும் வீதி தெரியவில்லை. திரான்சிக்குக் கிட்ட ரயில் பாலமொன்றின் கீழே வீதி பள்ளமாக இறங்கும். அங்கே தண்ணீர் நின்றது. எங்களுக்கு முன்னால் வந்த கார்கள் பள்ளத்தின் வாசலில் ஓரமாக நின்றுவிட்டன. ஓட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களிடம் டர்போ இல்லை.

"நில்லுங்கோ," என்றேன்.

"நிண்டா மாட்டுவம். கெதியா அடிச்சா கடந்திடலாம்," என்றார் இவர்.

"அடி தம்பி!" என்றார் அண்ணை.

அடித்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை போல் எழும்பியது. அந்த உறிஞ்சல் சத்தம் ஒரு கணம் கொப்பளிப்பாக மாறியது. பிறகு முன்னாலிருந்து இரும்பு இரும்பில் மோதிய ஒரு 'டக்'. அவ்வளவுதான். கார் அப்படியே நின்றது. இவர் சாவியைத் திருகினார். இயந்திரம் முனகக்கூட இல்லை.

கதவின் அடியால் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் என் செருப்பு, பிறகு கணுக்கால், பிறகு சேலைக் கரை. உடுப்புப் பொதியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

"அண்ணை, இறங்குங்கோ. நான் வெளியிலை வரவேணும்."

அவர் இறங்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். புதிய தோற்சப்பாத்து. "கொஞ்சம் பொறு தங்கச்சி, தண்ணி வடிஞ்சிடும்," என்றார். ஆப்பிரிக்காவில் வாகனங்களை ஓட வைத்த மனிதர், இரண்டு கால்களையும் முன்பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் இன்னும் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். சாரதி இருக்கையின் முதுகில் என் இரண்டு முழங்கால்களையும் கொடுத்துத் தள்ளினேன். "இறங்குங்கோ எண்டு சொல்லுறன்!" என்று நான் கத்தியது எனக்கே புதிதாக இருந்தது. இவர் கதவைத் திறந்து தண்ணீருக்குள் இறங்கினார். இருக்கையை மடக்கி நான் வெளியே வந்தேன். தண்ணீர் தொடை வரை இருந்தது. பொதி தலைமேல். திரும்பிப் பார்க்காமல் பள்ளத்திலிருந்து மேலே நடந்தேன்.

மேட்டில் ஒரு பேக்கரியின் பாண் வண்டி நின்றது. ஓட்டியவர் அல்ஜீரியர், நரைத்த தலை. என்னைப் பார்த்து, பிறகு கீழே நின்ற காரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். கோவில் பெயரைச் சொன்னேன். பாண் வாசனைக்கு நடுவில், ஆசனத்தை நனைத்துக்கொண்டு போனேன். வண்டி திரும்பும்போது பார்த்தேன்: இவர் பம்பர் பக்கம் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு என் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கோவிலில் பாதிரியார் நேரத்தைப் பார்த்தபடி நின்றார். குழந்தையின் தாய் அழுகிற நிலையில் இருந்தாள். உடுப்பில் ஒரு துளி படவில்லை. குழந்தைக்கு அதைப் போட்டுவிட்டு, நனைந்த சேலையோடு ஞானஸ்நானத் தொட்டியடியில் நின்றேன். பாதிரியார் குழந்தையின் தலையில் ஊற்றியதைவிட என் சேலையிலிருந்து தரையில் வடிந்தது அதிகம். யாரும் சிரிக்கவில்லை. அதற்காக அந்தச் சனத்தை இன்றைக்கும் மதிக்கிறேன்.

ஆண்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். அண்ணை சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தார். கோப்பை கைக்கு வந்ததும் இவர் கதையைத் தொடங்கினார். "என்ன இழுவை இழுத்தது தெரியுமே! மற்றக் கார் எல்லாம் நிண்டிட்டுது, நாங்கள் மட்டும்தான் உள்ளுக்குப் போனம்." அது உண்மைதான். மற்றவர்கள் போகவில்லை.

அண்ணையும் தன் ராணுவக் காலத்தைச் சேர்த்துக்கொண்டார். பாலைவனத்தில் லொறிகள், மணற்புயல், தன் கைவேலை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி கேக்கை மென்றுகொண்டு என்னிடம் திரும்பினார்.

"லாரியா? இவரு பட்டாளத்துல பிளாஞ்சரில இல்ல இருந்தாரு. துணி தொவைக்கிற எடம். இருந்த வரைக்கும் சட்டை தொவைச்சாரு, காய வச்சாரு." அடக்கமான குரல்தான், ஆனால் மேசை முழுவதும் கேட்டது.

அந்த உலர்த்திக் குழாய் எங்கிருந்து அவர் மூளைக்கு வந்ததென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணை கேக்கில் கவனமானார். துணி துவைப்பது கேவலமில்லை. நான் பை தைத்தேன், இவர் கோப்பை கழுவினார். ஆனால் சட்டை உலர்த்திய கையை இயந்திரத்துக்குள் விட்டு, ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் இருத்திவிட்டுச் சப்பாத்தைக் காப்பாற்றிய மனிதர்மேல் எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் அந்த மேசையோடு முடிந்தது.

காரைக் கராஜுக்கு இழுத்துப்போனார்கள். மொழிக்கு உதவியாக நானும் போனேன். பட்டறைக்குப் போய்வந்து என் பிரெஞ்சு இவருடையதைவிடத் தேறியிருந்தது. கராஜ்காரர் இயந்திரத்தைத் திறந்து, உள்ளேயிருந்த தண்டொன்றைக் காட்டினார். வாழைப்பழம் போல் வளைந்திருந்தது. பம்பர் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிட்டது, காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது, அதனால் இரும்பு வளைந்தது என்று சொன்னார். அப்படியே மொழிபெயர்த்தேன்.

"தண்ணி இரும்பை வளைக்குமே? விசரன்," என்றார் இவர். "தண்டு முந்தியே பழுதாயிருக்கும்."

கராஜ்காரர் புட்டுக்குழலைக் கையில் எடுத்து, அதை இப்படியும் அப்படியும் திருப்பி, இது எந்தக் காரின் உதிரிப்பாகம் என்று மரியாதையாக என்னிடம் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். சமையல் பாத்திரம் என்றேன். அவர் அதைத் துணியால் துடைத்து என்னிடம் தந்தார். நான் வாங்கவில்லை. அதில் இனி என்னத்தை அவிப்பது?

கார் பழைய இரும்புக்குப் போனது. அண்ணை மாடிப்படியில் எங்களைக் கண்டால் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினார். இவர் கொஞ்ச நாள் ஜன்னலடியில் துக்கம் கொண்டாடினார். நான் சாரதி அனுமதிப் பத்திர வகுப்பில் சேர்ந்தேன். கார் வாங்கும் எண்ணம் இருக்கவில்லை. இன்னொரு தடவை இவர் கார் வாங்கினால், பின்னிருக்கையில் நான் இருக்கக்கூடாது என்ற எண்ணம் மட்டும் இருந்தது.

ஆனால் இவர் கார் வாங்கவில்லை. குளிர்காலம் தொடங்குமுன்பே ஒரு பழைய வானொலிப் பெட்டியையும் கம்பிச் சுருளையும் கொண்டுவந்து, கொழும்பு நிலையத்தைப் பிடிக்கப்போவதாகச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே ஆணி அறையத் தொடங்கினார். இரண்டாம் நாளே கதவில் தட்டல். கீழ்வீட்டுப் பிரெஞ்சுப் பெண்மணி, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். தன் பூச்சாடிகளுக்குள் சுவர் உதிர்ந்து விழுகிறது, யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டார்.

"அவர்தான்," என்று பிரெஞ்சில் சொல்லி, ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டு, நான் போய் மெஷினில் உட்கார்ந்தேன். அன்று மாலைக்குள் கொடுக்கவேண்டிய பைகள் இருந்தன.