சஃபாரி சூட் போட்ட அத்தான்

பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில், நான் மரக்கறி வாங்கும் கடைக்குப் போகும் வழியில் ஒரு பயண முகவர் இருக்கிறார். அவருடைய கண்ணாடியில் வழக்கமாகக் கொழும்புச் சீட்டு, திருநள்ளாறு, பழனி என்றுதான் ஒட்டியிருக்கும். போன மாதம் அங்கே ஒரு சிங்கம் வந்து சேர்ந்தது. சிங்கத்துக்குப் பின்னால் பனி மூடிய மலை. மேலே கொட்டை எழுத்தில்: குடும்பத்தோடு சஃபாரி! கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் மறக்க முடியாத விடுமுறை! மரக்கறிச் சாப்பாடு உண்டு!

மரக்கறிச் சாப்பாடு யாருக்கு என்று எழுதவில்லை. சிங்கத்துக்காக இருக்காது.

நான் நின்று வாசிப்பதைக் கண்டு கடைப் பொடியன் வெளியே வந்தான்.

"ஐயா, உள்ளை வாங்கோ. இப்ப எங்கட சனம் எல்லாம் அங்கைதான் போகுது."

"நான் போயிட்டு வந்திட்டன் தம்பி."

"எப்ப ஐயா?"

"நீர் பிறக்க முதல்."

"அப்பவே! என்ன பக்கேஜ் எடுத்தனீங்கள்?"

"ஏஜென்சிக்காரன்ரை பக்கேஜ்."

அவனுக்கு விளங்கவில்லை. அவனுக்கு ஏஜென்சி என்றால் கண்ணாடிக் கதவும் கணினியும் உள்ள அவனுடைய கடைதான். எங்கள் காலத்து ஏஜென்சிக்காரனுக்குக் கடையும் இல்லை, பெயரும் இல்லை. கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, "பிரான்சிலை இறக்கிவிடுவன், யோசியாதேங்கோ" என்பான். பிறகு நீங்கள் ஏதோவொரு ஆபிரிக்க நகரத்தில் கண் விழிப்பீர்கள். நானும் என் அத்தானும் நைரோபியில் கண் விழித்தோம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வன்னியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகத் தும்முவார், இரகசியம் பேசினாலும் பக்கத்து வளவுக்குக் கேட்கும். இங்கிலிஷ் வராது. நான் பட்டதாரி. இங்கிலிஷ் வரும். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். அதை அப்போது நான் பெரிய வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சுவரொட்டியைத் திரும்பவும் பார்த்தேன். மூலையில் ஜீப்புக்குப் பக்கத்தில் காக்கி உடுப்போடு ஒரு சாரதி நின்றான். அவனுடைய சட்டைப் பைகளைப் பார்த்ததும் புதுத் துணியில் சூடான ஸ்திரிக்கைப் பெட்டி படும்போது எழுகிற வாசனை மூக்கில் வந்துவிட்டது.

நைரோபி ஏஜென்சிக்காரன் வகுத்த திட்டம் இது. நாங்கள் வசதியான சுற்றுலாப் பயணிகள் என்று காட்ட வேண்டும். சிங்கம் பார்த்து, மலை பார்த்து, விடுதிகளில் தங்கி, படம் பிடித்துக்கொண்டு போய் நின்றால் பிரான்ஸ் விசா கேட்கும்போது நம்புவார்களாம். "திங்கக்கிழமை சஃபாரி, ரெடியா நில்லுங்கோ" என்றுவிட்டுப் போனான்.

எங்களுக்குத் தெரிந்த சஃபாரி ஒன்றே ஒன்று. கல்யாண மாப்பிள்ளைகளும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்களும் போடுகிற, நாலு பை வைத்த சஃபாரி சூட். அதைத்தான் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறான் என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டோம். பட்டதாரியும்தான். ஒரு குஜராத்தித் தையற்காரரிடம் போய் ஒரே துணியில் இரண்டு சூட் தைப்பித்தோம். நிறம் காக்கி. அத்தான் தெரிந்தெடுத்தது. ஊத்தை தெரியாதாம்.

திங்கட்கிழமை காலையில் வண்டி வந்தது. அதற்குள் என் சூட்டில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டு, நான் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக நின்றேன். வண்டிச் சாரதி இறங்கினான். அவன் போட்டிருந்தது காக்கி சஃபாரி சூட். நாலு பை. அத்தானும் அவனும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அண்ணன் தம்பி போலிருந்தார்கள்.

வண்டிக்குள் ஒரு பிரெஞ்சுத் தம்பதி இருந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள், நல்ல சனம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் பெரிய பையைத் தூக்கி அத்தானின் கையில் கொடுத்தார். அத்தான் பெரியவர்களுக்கு உதவுகிற மனிதர். மகிழ்ச்சியோடு வாங்கிக் கூரையில் ஏற்றிக் கட்டினார். அம்மா என்னிடம் இங்கிலிஷில் கேட்டார்: "இவர் உங்களுடைய ஆளா?"

இல்லையம்மா, என் அக்காவின் கணவர் என்று சொல்ல எனக்கு இங்கிலிஷ் போதும். நான் "ஓம்" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். வெட்கம். அந்த வெள்ளை அம்மாவுக்கு முன்னால், வேலையாள் வைத்திருக்கிற கனவான் என்று ஒரு நிமிடம் தோன்றியது எனக்குப் பிடித்திருந்தது. அகதியாகப் போகிறவனுக்குத் துரை வேஷம் கொஞ்சம் அதிகமாகவே பொருந்திவிட்டது.

சஃபாரி என்பதை நான் வேறெப்படி விவரிப்பது? பசியில்லாதவர்கள் ஒரு பெட்டிக்குள் இருந்துகொண்டு பசித்த மிருகங்களைப் படம் பிடிக்கிறார்கள். சிங்கம் கொட்டாவி விட்டால் "ஆ" என்கிறார்கள். ஒரு யானை தெருவோரம் வந்து நின்றபோது வண்டி முழுவதும் மூச்சை அடக்கியது. அத்தான் மட்டும் அடக்கவில்லை.

"இதைப் பாக்கவோ தம்பி இவ்வளவு தூரம் கூட்டி வந்தவன்? எங்கட வயலுக்குள்ளை நிண்டதை நான் வெடி போட்டெல்லோ கலைச்சனான்!"

இவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். யானையைக் கண்டு பயந்துவிட்டான் என்று மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் தன்னுடைய பகிடிக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்.

மலைச்சரிவில் இருந்தது விடுதி. கணப்பு எரிகிற மண்டபம், தடித்த கம்பளிப் போர்வைகள், யன்னலைத் திறந்தால் மலை. சாரதிகளுக்கும் வேலையாட்களுக்கும் பின்பக்கம் தகரம் போட்ட கொட்டகை. விடுதிக்காரன் அத்தானை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அங்கைதான் எனக்கு இடமோ?"

"ஓம் அத்தான். ஏஜென்சிக்காரன்ரை ஏற்பாடு."

"சரி, சரி. நீ இங்கிலிஷ்காரரோடை இரு. அலுவல் நடக்கட்டும்."

அலுவல் நடந்தது. இராச்சாப்பாட்டில் நான் அந்தத் தம்பதிக்குக் கோயில்களைப் பற்றிச் சொன்னேன், தேயிலையைப் பற்றிச் சொன்னேன், என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கே இனித்தது. பிரான்ஸ் பார்க்க ஆசை என்றேன். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அழைப்பு அனுப்புகிறோம் என்றார்கள். குடும்பத்தில் வேறு யாரும் வருகிறார்களா என்று அந்தப் பிரெஞ்சு ஐயா கேட்டார். காக்கிச் சட்டை போட்ட என் ஆள் சாரதிகளோடு குந்தியிருக்கும்போது, அவர்தான் என் குடும்பம் என்று எப்படிச் சொல்வது? இல்லை, நான் தனி என்றேன்.

நைரோபிக்குத் திரும்பும்போது அத்தான் உற்சாகமாக இருந்தார். சாரதிமாரிடம் அந்த ஊர்ப் பாஷை படித்திருந்தார்.

"தம்பி, சஃபாரி எண்டா அவங்கட பாஷையிலை என்ன தெரியுமே? வெறும் பயணம்! மாமி வீட்டை போனாலும் சஃபாரிதானாம். நாங்கள் விசரர், சூட் தைச்சுப்போட்டம்!"

நான் சிரிக்கவில்லை. சத்தம் போடாதேயுங்கோ என்றேன்.

அழைப்பு வந்தது, விசா கிடைத்தது, எனக்கு மட்டும். அத்தானின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவருக்காகக் கேட்கப் பிரான்சில் யாரும் இருக்கவில்லை. அவர் வன்னிக்கே திரும்பிப் போனார். சில வருடங்களில், இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் காய்ச்சலில் போய்விட்டார். நான் பாரிஸில் கோப்பை கழுவினேன். கனவான் ஒரு நிலக்கீழ்ச் சமையலறையில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவினார் என்பதை உங்கள் சிரிப்புக்காகச் சொல்கிறேன். அந்தத் தம்பதியைப் போய்ப் பார்க்கவேயில்லை. அத்தானைப் பற்றி விசாரித்துவிடுவார்களோ என்ற பயம்.

பிறகு அக்காவை மகள் இங்கே கூப்பிட்டுவிட்டாள். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு எது நடந்தாலும் அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, அந்தச் சஃபாரிக் கதையைச் சொல்லன்" என்பார். நானும் எழும்பி நின்று சொல்வேன். தையற்காரர், காக்கி, யானை, வெடி. நல்ல கதை. குழந்தைகள் உருண்டு சிரிக்கும். கொட்டகை அதில் வராது. "இவன் அங்கை துரை மாதிரி இருந்தவன் எண்டு அவர் பெருமையாச் சொல்லுவார்" என்று அக்கா முடித்துவைப்பார். அத்தானுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

சிங்கத்தைக் கண்ணாடியில் கண்டதற்கு அடுத்த ஞாயிறு அக்கா கோயிலுக்கென்று எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்தார். கூடவே பேத்தி நிலானி. மூன்று பேரும் தோசைக் கடையில் இருந்தோம். நிலானி தன் சிநேகிதனோடு அதே மாதிரியான சஃபாரி விடுமுறைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கைபேசியில் படம் படமாகத் தள்ளினாள். சிங்கம், கொட்டாவி, மலை. மலையைப் பார்த்து ஏதோ பிரெஞ்சில் உருகினாள்.

"தமிழிலை சொல்லு பிள்ளை. மலைக்குமோ பிரெஞ்சு?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் அவரும் போன மலைதானே? சொல்லன் தம்பி கதையை."

தையற்காரரில் தொடங்கினேன். அந்த அம்மா பையைக் கொடுத்த இடத்தில் நிறுத்த முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். "ஓம்" என்றதைச் சொன்னேன். தகரக் கொட்டகையைச் சொன்னேன். தனி என்று சொன்னதைச் சொன்னேன். உண்மையைச் சொன்னேன் அக்கா, இனி நீங்கள் என்ன சொன்னாலும் சரி என்றேன். ஏச்சு வாங்க ஆயத்தமாக இருந்தேன். வாங்கினால் சுகமாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். இந்த வயதிலும் என் சுகத்தைத்தான் பார்க்கிறேன், பாருங்கள்.

அக்கா ஏசவில்லை. பிய்த்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவருக்கு முட்டு வாறது உனக்குத் தெரியும்தானே. குளிர் பட்டா மூச்சு எடுக்கேலாமல் இருந்தபடி விடியுமட்டும் இருப்பார். அங்கை அவருக்குப் போர்க்க ஏதும் குடுத்தவங்களோ?"

"தெரியேல்லை அக்கா."

"நீ கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

நிலானிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நான் பெயர் சொன்ன அந்த விடுதி இன்னும் இருக்கிறது என்றாள், பெரிதாக்கியிருக்கிறார்களாம். பின்பக்கம் இப்போது நீச்சல் குளமாம். அந்தப் பிரெஞ்சுத் தம்பதி இருக்க மாட்டார்கள். அத்தானோடு கொட்டகையில் படுத்த சாரதிமார் எங்கேயோ. போர்வை கொடுத்தார்களா என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

அக்கா என்னோடு கோபிக்கவில்லை. முன்போலவே தம்பி என்கிறார், செவ்ரானுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார். போன கிழமை கொள்ளுப்பேரனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். எல்லோரும் வட்டமாக இருந்த நேரம் வந்தது. ஒரு சின்னப் பெட்டை, "யானைக் கதை?" என்று என்னைப் பார்த்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எழும்பி, சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.